1969-ஆம் ஆண்டின் தங்க ஒமேகாவை வாங்கலாமா?

கேள்வி இதுதான். துபாயில் இருக்கும் உங்கள் மைத்துனருக்கு அங்கே ஒரு பழைய கடிகாரக் கடைக்காரர் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்றைக் காட்டியிருக்கிறார். 1969 மாடல், 18 காரட் தங்கம், பின்மூடியில் வரிசை எண் பொறித்த லிமிடெட் எடிஷன். "பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி வைத்திருக்கிறோம்" என்கிறாராம். தங்கம் விலை ஏறிக்கொண்டே போகிறதே, நகையாக வாங்கிப் பூட்டி வைப்பதற்குப் பதில் இந்த மாதிரி தங்கக் கடிகாரங்களாகச் சேர்த்தால் என்ன, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

முதலில் நகைக் கணக்கை முடித்துவிடுவோம். 18 காரட் என்றால் எடையில் முக்கால் பங்குதான் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். கடிகாரத்தைத் தராசில் வைத்தால் வரும் எடையில் மெஷின், கண்ணாடி, ஸ்ப்ரிங் எல்லாம் சேர்ந்திருக்கும். அவற்றைக் கழித்துப் பார்த்தால், தோல் பட்டை போட்ட 1950-60களின் மெல்லிய கடிகாரங்களில் ஒன்றிரண்டு பவுனுக்கு மேல் தேறுவது அபூர்வம். தங்கச் செயினோடு வந்தவற்றில் கூடுதலாக இருக்கும். எப்படியிருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு நகைக்கடைக்குப் போனால் அவர்களுக்கு அது "பழைய தங்கம்" மட்டுமே. உருக்கினால் எவ்வளவு கிடைக்குமோ அதுதான் விலை. தங்கம் ஏறும்போது நகையின் விலை கூடவே ஏறும். கடிகாரத்தில் ஏறுவது அதன் அடிமட்ட விலை மட்டும்தான். அதற்குக் கீழே போகாது என்ற ஆறுதலைத் தாண்டி வேறொன்றும் இல்லை. நீங்கள் கொடுக்கப்போகும் பணத்தில் பெரும்பகுதி தங்கத்துக்குப் போகவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஸ்விஸ் நிறுவனமான பட்டேக் பிலிப்பின் 1518 என்ற மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1941-இல் வந்தது. நிரந்தர நாட்காட்டியும் ஸ்டாப்வாட்சும் ஒரே கைக்கடிகாரத்தில் சேர்ந்து, வரிசையாகத் தயாரிக்கப்பட்ட முதல் மாடல். மொத்தம் செய்தது 281. ஏறக்குறைய எல்லாமே தங்கம். இன்றுவரை வெளியே தெரிந்ததில் எஃகு கேஸ், அதாவது எஃகில் செய்த வெளிக்கூடு, உள்ளவை நான்கே நான்கு. அந்த நான்கில் ஒன்று 2016 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 1 கோடியே 10 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்குப் போனது. அதே மெஷின், அதே டயல், அதே தொழிற்சாலை. சந்தை அந்தத் தொகையைக் கொடுத்தது இரும்புக்கு. சேகரிப்பவர்களின் உலகத்தில் உலோகத்தின் இடம் இதுதான். தங்கம் ஒரு கடிகாரத்தை அழகாக்கும், சில சமயம் அரிதாக்கும். அதன் விலையைத் தீர்மானிப்பது வேறு சங்கதிகள்.

இனி உங்கள் ஒமேகாவுக்கு வருவோம். நல்ல கடிகாரத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள். எண் பொறித்து, எண்ணிக்கை சொல்லி வெளியிட்ட பழைய தங்கக் கடிகாரங்களில் இதைவிடச் சுவையான கதை உள்ளது குறைவு.

1969 ஜூலையில் ஆல்ட்ரின் நிலவில் நடந்தபோது கையில் கட்டியிருந்தது எஃகு ஸ்பீட்மாஸ்டர். ஆம்ஸ்ட்ராங் தன்னுடையதைக் கலத்துக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்கினார். உள்ளே இருந்த மின்னணுக் கடிகாரம் பழுதாகிவிட்டதால் மாற்றாக அது அங்கே தேவைப்பட்டது. அந்த வெற்றியைக் கொண்டாட ஒமேகா 18 காரட் மஞ்சள் தங்கத்தில் ஒரு பதிப்பு செய்தது. மாடல் எண் பி.ஏ. 145.022. கேஸ், செயின், டயல் எல்லாமே தங்கம். 1969 நவம்பர் 25 அன்று ஹூஸ்டன் நகரின் வார்விக் ஹோட்டலில் விருந்து வைத்து விண்வெளி வீரர்களுக்குக் கொடுத்தார்கள். (அப்பல்லோ 12 வீரர்கள் அதற்கு முந்தின நாள்தான் கடலில் வந்து இறங்கியிருந்தார்கள். நிலவுக் கிருமி பயத்தில் தனிமையில் அடைத்து வைத்திருந்ததால் அவர்களுக்கு அந்த விருந்து வாய்க்கவில்லை.)

எண் 1 அதிபர் நிக்சனுக்கு, எண் 2 துணை அதிபர் ஆக்னியூவுக்கு என்று பொறித்தார்கள். அரசுப் பதவியில் இருப்பவர் வாங்கக் கூடாத அளவுக்கு விலை உயர்ந்த பரிசு என்று இருவருமே திருப்பிவிட்டார்கள். எண் 1 இப்போது ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரில் ஒமேகாவின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 3 முதல் 28 வரை விண்வெளி வீரர்களுக்கு. 1967 ஜனவரியில் அப்பல்லோ 1 தீ விபத்தில் இறந்த மூவர் பெயரிலும் செய்தார்கள். இவற்றின் பின்மூடியில் வீரரின் பெயரும், காலத்தோடு, காலத்தின் வழியே, காலம் தவறாமல் மனிதன் விண்வெளியை வென்றதைக் குறிக்கும் ஒரு வாசகமும் உண்டு. 33 முதல் 1000 வரை பொதுமக்களுக்கு விற்கப்பட்டவை. ஆயிரத்தைத் தாண்டிய சில எண்களையும் சேர்த்து மொத்தம் 1014. தயாரிப்பு 1973 வரை நீண்டது. அதனால் "1969 மாடல்" என்று சொல்லப்படும் ஒன்று 1971-இலோ 72-இலோ கடைக்கு வந்திருந்தால் அதில் தப்பேதும் இல்லை.

எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இங்கேயே பார்த்துவிடலாம். வால்ட்டர் ஷிரா என்ற வீரருக்குக் கொடுத்த தங்க ஸ்பீட்மாஸ்டர் 2022-இல் ஏலத்துக்கு வந்தது. மெர்க்குரி, ஜெமினி, அப்பல்லோ மூன்று திட்டங்களிலும் பறந்த ஒரே மனிதர் அவர். 1962-இல் தன் சொந்த ஒமேகாவைக் கட்டிக்கொண்டு பறந்து, அந்தக் கடிகாரத்தை முதன்முதலாக விண்வெளிக்குக் கொண்டு போனவரும் அவரே. ஏலத்தில் சுமார் 19 லட்சம் டாலர் வந்தது. அதே கேஸ், அதே மெஷின் உள்ள பொது விற்பனைக் கடிகாரங்கள் அதில் மிகச் சிறு பங்குக்குத்தான் கை மாறுகின்றன. வித்தியாசம் பின்மூடியில் உள்ள ஒரு பெயர். ஆகவே கடைக்காரர் "எண் போட்டது" என்று சொன்னால் அடுத்த கேள்வி "எந்த எண்" என்பதாக இருக்கட்டும். 33-க்கு மேல் என்றால் 412-க்கும் 857-க்கும் பெரிய பேதம் கிடையாது. 777, 500 மாதிரி எண்களுக்குச் சிலர் கூடக் கொடுப்பார்கள். அது அவரவர் ஜாதக நம்பிக்கை, நான் கொடுக்க மாட்டேன்.

லிமிடெட் எடிஷன் என்ற சொல்லுக்கே கொஞ்சம் சந்தேகத்தோடு காது கொடுங்கள். அந்தக் காலத்தில் எண்ணிக்கையை முன்கூட்டியே அறிவித்து விற்பது வழக்கமே இல்லை. 1518 மாதிரி அரிய கடிகாரங்கள் அரிதானது போணி குறைவாக இருந்ததால்தான். எண் போட்டு விற்கும் பழக்கம் 1970-ஐ ஒட்டித்தான் வருகிறது. அது நன்றாக ஊன்றிய பிறகு வந்ததற்கு உதாரணம் பட்டேக் தன் 150-ஆம் ஆண்டுக்கு 1989-இல் வெளியிட்ட 3960. மஞ்சள் தங்கத்தில் 2000, வெள்ளைத் தங்கத்தில் 150, பிளாட்டினத்தில் 50. பின்னால் கீல் வைத்த மூடி உள்ள அந்தக் கால ராணுவ அதிகாரி பாணிக் கடிகாரம், பார்க்க அவ்வளவு அடக்கம். ஆனால் 2000 என்பது பெரிய எண். வாங்கியவர்களும் "பின்னாளில் விலை போகும்" என்று தெரிந்தே வாங்கிப் பெட்டியில் வைத்தார்கள். அதனால் நல்ல நிலையில் நிறையவே கிடைக்கிறது. வரையறுத்த பதிப்பு என்பதால் மட்டும் ஒன்று அரிதாகிவிடாது. தொழிற்சாலை உறை பிரிக்காத 3960 என்று கூடுதல் விலை கேட்பவர்கள் உண்டு. உள்ளே எண்ணெய் இத்தனை வருடத்தில் காய்ந்திருக்கும், உறையைப் பிரிக்காமல் சர்வீஸ் பண்ண முடியாது, பிரித்தால் அந்தக் கூடுதல் மதிப்பு போய்விடும். கட்டிக்கொள்ள முடியாத கடிகாரத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. செய்தது எத்தனை என்பது வேறு, இன்று மிஞ்சியது எத்தனை என்பது வேறு. 1980 ஜனவரியில் தங்கம் ஒரு அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது. பழைய தங்கக் கடிகாரங்களுக்கு அப்போது சேகரிப்பு மதிப்பு அவ்வளவாக இல்லை. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வந்து சாவி கொடுக்கும் கடிகாரங்களைப் பழம்பொருளாக்கியிருந்த நேரம். கேஸைக் கழற்றி உருக்கிவிட்டு மெஷினை டப்பாவில் போட்டவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். இதனால் ஒரு லாபமும் ஒரு ஆபத்தும். மிஞ்சியவை உண்மையிலேயே குறைந்துபோயின. அநாதையாகக் கிடந்த மெஷின்களோ புதிதாகச் செய்த கேஸ்களுக்குள் குடியேறித் திரும்பவும் சந்தைக்கு வந்தன.

இப்போது பாலிஷ். உங்கள் கேள்வியில் என்னை உறுத்திய சொல் அதுதான்.

18 காரட் தங்கம் மெத்தென்றது. பஃப் சக்கரத்தில் வைத்தால் கீறலோடு உலோகமும் போகும். நகைக்கு அது பெரிய விஷயமில்லை. கடிகார கேஸுக்கு அதன் விளிம்புகள்தான் முகம். ஸ்பீட்மாஸ்டரில் செயின் மாட்டும் நான்கு கொம்புகளைப் பாருங்கள், கடைகளில் லக் என்பார்கள். ஒவ்வொன்றும் நேராக நீளாமல், மேலிருந்து முறுகிக் கீழிறங்கும். பக்கவாட்டுப் பரப்பில் மயிரிழைக் கோடுகள் போட்டு மங்கலாக விட்டிருப்பார்கள். மேலே முறுகி வரும் பட்டை கண்ணாடி போலப் பளபளக்கும். இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு ஓடும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் அந்தக் கோடு நகத்தில் தட்டுப்படும். ஒரு தடவை பாலிஷ் போட்டால் கோடு மழுங்கும். மூன்றாவது தடவை காணாமலே போகும், கொம்பு சோப்புத் துண்டு மாதிரி வழவழவென்று ஆகிவிடும். நான்கு கொம்புகளையும் பின்பக்கத்திலிருந்து பார்த்து ஒன்றின் தடிமனை இன்னொன்றோடு ஒப்பிடுங்கள். கையால் பாலிஷ் போட்டவரால் நான்கையும் ஒரே அளவில் தேய்க்க முடியாது.

அடுத்தது முத்திரை. ஸ்விஸ் தங்கக் கடிகாரங்களில் பின்மூடியின் உட்புறமும், பலவற்றில் கொம்புக்கு அடியிலும், ஒரு சின்னப் பெண் தலை குத்தியிருக்கும். ஹெல்வேஷியா, ஸ்விட்சர்லாந்தை உருவகப்படுத்தும் பெண். 18 காரட்டுக்கு அவள், 14 காரட்டுக்கு அணில். 1995-இல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு செயின்ட் பெர்னார்ட் நாயின் தலையாக மாற்றிவிட்டார்கள். எனவே 1969 கேஸில் நாய்த் தலை இருந்தால், அந்தக் கேஸோ அந்த மூடியோ பின்னால் செய்தது. பிரான்ஸுக்கு இறக்குமதியான கடிகாரங்களில் கூடுதலாக ஒரு ஆந்தை முத்திரை பார்க்கலாம், பயப்பட வேண்டாம். கேஸுக்கு வெளியே இருக்கும் முத்திரையை லென்ஸில் பாருங்கள். முகத்தில் மூக்கும் கூந்தலும் பிரிந்து தெரிந்தால் அந்த இடத்தில் சக்கரம் படவில்லை. வெறும் பள்ளமாகத் தெரிந்தால் பட்டிருக்கிறது. நம்மூர் பி.ஐ.எஸ். ஹால்மார்க்கை இதில் தேடாதீர்கள், இருக்காது. இன்னொன்று, தயவுசெய்து எந்த ஆசாரியிடமும் உரைகல்லில் உரசிப் பார்க்கக் கொடுத்துவிடாதீர்கள். காரட் மீட்டர் உள்ள கடையில் சுரண்டாமல், உரசாமல் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

பழைய தங்கத்துக்கு ஒரு நிறம் வரும். கலப்பில் உள்ள செம்பு பல ஆண்டுகளில் காற்றோடும் வியர்வையோடும் சேர்ந்து, மூடி இடுக்கிலும் கொம்புகளுக்கு நடுவிலும் லேசான செம்மையாகவோ, எண்ணெய் படர்ந்த தண்ணீரின் வானவில் பூச்சாகவோ தெரியும். சிலர் இதை அழுக்கு என்று நினைத்துத் துடைக்கச் சொல்வார்கள். சேகரிப்பவர் இதற்குத்தான் கூடுதல் விலை கொடுக்கிறார், ஏனென்றால் இதைப் போலியாக வரவைப்பது கஷ்டம். இதில் எச்சரிக்கை ஒன்று. தேய்ந்த கொம்பில் லேசர் வெல்டிங் வைத்துத் தங்கம் ஏற்றி, திரும்பவும் விளிம்பு எடுக்கும் வேலையை ஐரோப்பாவில் அற்புதமாகச் செய்கிறார்கள். ஐம்பது வருடக் கடிகாரத்தின் விளிம்பு கத்தி மாதிரி இருந்து, டயலில் மட்டும் வயது தெரிந்தால் அங்கே கேள்வி கேட்க வேண்டும். வெல்டிங் செய்ததைச் சொல்லி விற்பது தவறில்லை. சொல்லாமல் விற்பதுதான் தவறு.

இந்த மாடலுக்கே உரிய சில அடையாளங்கள். டயலின் அடியில் "ஸ்விஸ் மேட்" என்பதற்கு இருபுறமும் ஓ.எம். என்ற இரண்டெழுத்து இருக்க வேண்டும். டயல் கெட்டித் தங்கம் என்பதற்கான குறி அது. மணிக் குறிகளில் கறுப்பு ஓனிக்ஸ் கல் பதித்திருக்கும். கல் உதிர்ந்த இடத்தில் கறுப்புப் பெயின்ட் வைத்து அடைத்ததை லென்ஸில் எளிதாகக் கண்டுபிடிக்கலாம், கல்லுக்கு ஓரம் இருக்கும், பெயின்டுக்கு வழிசல் இருக்கும். இருட்டில் ஒளிரும் பூச்சு இதில் கிடையாது. முள்ளில் அது இருந்தால் வேறு கடிகாரத்து முள். கண்ணாடி பிளாஸ்டிக் வகைதான், நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு குட்டி ஒமேகா சின்னம் இருக்கும். கண்ணாடி மாற்றியிருந்தால் கவலை இல்லை, அது மாற்றுவதற்கென்றே உள்ள பொருள்.

மாற்றியிருந்தால் கவலைப்பட வேண்டியது கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம். டாக்கிமீட்டர் எண்கள் (வேகம் கணக்கிட உதவும் அளவுகோல்) எழுதிய அந்த வளையம் முதலில் வந்தவற்றில் கருஞ்சிவப்பு, ஒயின் நிறம். அலுமினியத்தில் ஏற்றிய சாயம் என்பதால் வெயிலில் வெளுக்கும், தட்டினால் கீறும். சர்வீஸுக்குப் போன இடத்தில் அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கறுப்பு மாட்டி அனுப்பியது ஏராளம். பிற்பாடு தயாரித்த சிலவற்றில் கறுப்பே மாட்டி வந்ததும் உண்டு. அதனால் கறுப்பைப் பார்த்ததும் போலி என்று சொல்லக் கூடாது, எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மெல்லிய அலுமினிய வளையம், அதன் நிறம் அந்த நிறமாக இருப்பதற்காகவே ஒரு பெரிய தொகை ஏறி இறங்கும்.

செயினைக் கிடையாகப் பிடித்துப் பாருங்கள். தங்கக் கண்ணிகள் தேய்ந்தால் நடு தொய்ந்து தொங்கும். எத்தனை கண்ணி குறைகிறது என்று எண்ணுங்கள். உங்கள் மணிக்கட்டுக்குப் பத்தவில்லை என்றால் அதே காலத்துத் தங்கக் கண்ணி தேடுவதற்குள் தலை நரைத்துவிடும். பெட்டி இருந்தால் அதிர்ஷ்டம். நிலவின் பள்ளம் மாதிரி வடித்த சாம்பல் நிறப் பெட்டி, அதுவே தனியாக விலை போகும். 2019-இல் ஒமேகா ஐம்பதாம் ஆண்டுக்காக இதே தோற்றத்தில் மறுபடி 1014 கடிகாரங்கள் செய்தது. நல்ல கடிகாரம்தான், ஆனால் தங்கத்தின் நிறம் வெளிறியது, மெஷின் 3861. பழையதில் 861. விற்பவர் "1014-இல் ஒன்று" என்று மட்டும் சொன்னால் எந்த 1014 என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காகிதங்கள் பற்றி. பட்டேக், வஷெரோன் போன்ற பழைய நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு தங்கள் காப்பகப் பதிவேட்டிலிருந்து ஒரு சான்று தரும். ஒமேகாவும் இப்படிக் கொடுத்திருக்கிறது. ரோலெக்ஸ் தராது. அந்தச் சான்றில் என்ன இருக்கும்? இன்ன எண்ணுள்ள மெஷின் இன்ன மாடலில் இன்ன தேதியில் தயாரானது, சிலவற்றில் இன்ன நாட்டுக்குப் போனது என்பதும். அவ்வளவுதான். உங்கள் கையில் இருக்கும் டயலும் முள்ளும் கேஸும் அன்று அந்த மெஷினோடு சேர்ந்து வெளியே வந்தவையா என்று அது சொல்லாது, சொல்லவும் முடியாது.

இதற்கு ஒமேகாவே பட்ட அடி ஒன்று உண்டு. 2021 நவம்பரில் ஜெனீவாவில் 1957 காலத்து எஃகு ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் பிராங்குக்கு மேல் ஏலம் போனது. அந்த மாடலுக்கு யாரும் கனவிலும் நினைக்காத விலை. வாங்கியது யார் என்றால் ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். 2023-இல் வெளியே வந்தது: அது பல கடிகாரங்களின் பாகங்களைக் கோத்துச் செய்த ஒட்டுக் கடிகாரம். தங்கள் முன்னாள் ஊழியர்களுக்கே இதில் பங்கு உண்டு என்று நிறுவனம் அறிவித்தது. அந்த மாடலைப் பிறப்பித்த வீட்டிலேயே அப்படி நடந்தது என்றால் துபாய்க் கடையில் நாமும் கொஞ்சம் நிதானமாக இருப்பதில் வெட்கமில்லை.

அதனால் மைத்துனரிடம் சொல்லி இந்தப் படங்களை வாங்குங்கள்: நான்கு கொம்புகளும் பக்கவாட்டிலும் பின்னாலும், பின்மூடியின் வெளிப்புறமும் உட்புறமும், மெஷினில் உள்ள எண், வளையம் சாய்வெளிச்சத்தில், செயினின் கொக்கியும் கடைசிக் கண்ணியும். மூடியைத் திறக்க முடியாது என்று கடைக்காரர் சொன்னால் அங்கேயே நன்றி சொல்லிவிடலாம். திறந்து காட்டினால், பாலிஷ் போட்டது என்று அவரே ஒப்புக்கொண்டதால், பாலிஷ் போடாதவை அண்மை ஏலங்களில் என்ன விலைக்குப் போயின என்று பார்த்து அதிலிருந்து நன்றாகக் கீழே இறங்கிக் கேளுங்கள். "புதுசு மாதிரி" என்று சொல்லி அவர் விலையை ஏற்றுகிறார், நீங்கள் அதே காரணத்தைச் சொல்லி இறக்க வேண்டும்.

இந்த ஒமேகா வாய்க்காவிட்டால் அதே காலத்தில் வேறு என்ன உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது ஒரு விநோதமான காலம். புதிய தொழில்நுட்பம் எதுவாக இருந்தாலும் அதைத் தங்கத்தில் போட்டு விற்றார்கள். மெஷினுக்கே அவ்வளவு செலவாகும்போது எஃகில் போட்டு என்ன விலை சொல்ல முடியும்? 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ வெளியிட்ட ஆஸ்ட்ரான், உலகில் விற்பனைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். 18 காரட் கேஸ், விலை 4,50,000 யென், அன்றைக்கு ஒரு சின்னக் காரின் விலை. 1970-இல் ஸ்விஸ் நிறுவனங்கள் கூட்டாகச் செய்த பீட்டா 21 என்ற குவார்ட்ஸ் மெஷினை வைத்து ரோலெக்ஸ் 5100 என்ற தங்கக் கடிகாரத்தை எண் பொறித்து ஆயிரம் என்ற வரையறையோடு வெளியிட்டது. கனமான கோணல்மாணல் கேஸ், நொடி முள் குதிக்காமல் வழுக்கிக்கொண்டே போகும், காதருகே வைத்தால் ஒரு ரீங்காரம் கேட்கும். 1972-இல் அமெரிக்காவில் ஹாமில்டனின் பல்சார் வந்தது, முள்ளே இல்லாமல் பொத்தானை அமுக்கினால் சிவப்பு எண்கள் எரியும் முதல் கைக்கடிகாரம், தங்கத்தில் 400 மட்டும், 2,100 டாலர்.

மூன்றும் வரலாறுதான். கட்டிக்கொண்டு திரிய ஆசைப்படுபவருக்கு மூன்றையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 861 மாதிரி ஒரு மெஷினில் பல்சக்கரம் தேய்ந்தால் நல்ல கைவேலைக்காரர் புதிதாக வெட்டிக்கூடப் போட்டுவிடுவார். கையால் பற்றவைத்த 1969-ஆம் ஆண்டு சர்க்யூட் செத்துவிட்டால் செத்ததுதான். வேறொரு கடிகாரத்தைக் கொன்றுதான் இதை எழுப்ப வேண்டும். பல்சாரில் ஆரம்ப மாட்யூல்கள் (உள்ளிருக்கும் மின்னணுப் பாகம்) சீக்கிரமே பழுதாகி, கம்பெனியே பிந்தைய மாட்யூலை மாற்றிக் கொடுத்தது. அதனால் கேஸ் அசல், உள்ளே வேறு என்ற நிலையில்தான் பெரும்பாலும் கிடைக்கும். ரோலெக்ஸ் 5100 மட்டும் எனக்குச் சபலம் தருவது. ஓடாத 5100-ஐ ஓடுவதன் விலைக்கு வாங்காமல் இருந்தால் சரி.

ஒரு சின்ன இடைச்செருகல். இந்த மாதிரி எழுதினால் உடனே "தாத்தாவின் தங்க வாட்ச் ஒன்று வீட்டில் இருக்கிறது" என்று கேட்பவர்கள் உண்டு. நம் வீடுகளில் 60-70களில் புழங்கிய ஃபேவர் லூபா, ரோமர், டிட்டோனி எல்லாம் பெரும்பாலும் முலாம் பூசியவை. பின்மூடியிலோ கொம்பின் பின்னாலோ "20 மைக்ரான்" என்றோ, மூடியில் எஃகு என்றோ எழுதியிருந்தால் அது முலாம். கொம்பின் நுனியில் மஞ்சள் போய் வெள்ளை தெரிந்தாலும் அதேதான். விற்கப் போகாதீர்கள், எண்ணெய் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். நல்ல ஓட்டம் ஓடும் கடிகாரங்கள் அவை.

வாங்கும் இடம் பற்றிச் சுருக்கமாக. ஏலத்தில் கை தூக்கும்போது கேட்கும் தொகை முழுத்தொகை ஆகாது. அதன்மேல் ஏல நிறுவனத்துக்கு வாங்குபவர் கட்டும் கமிஷன் கால் பங்கு வரை வரும், சில இடங்களில் அதற்கு மேலும். பிறகு வரி, அனுப்பும் செலவு, காப்பீடு. முதலைத் தோல் பட்டை போட்டிருந்தால் வனவிலங்குச் சட்டம் காரணமாக நாடு தாண்டி அனுப்பும்போது பட்டையைக் கழற்றிவிட்டு அனுப்புவார்கள். அசல் பட்டை முக்கியம் என்றால் ஏலத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஒமேகா செயின் போட்டது, அந்தத் தொல்லை இல்லை. துபாயிலிருந்து மைத்துனர் கையில் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விமான நிலையத்தில் சிவப்பு வழியில் போய் ரசீதோடு அறிவித்துச் சுங்கவரி கட்டி, அந்த ரசீதையும் கடிகாரப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். பின்னாளில் நீங்கள் விற்கும்போது, முறைப்படி உள்ளே வந்த கடிகாரம் என்பதற்கு அது ஒன்றுதான் ஆதாரம். எவ்வளவு வரி வரும் என்பதைப் பணம் கட்டும் முன்பே ஒரு சுங்க முகவரிடம் கேட்டுவிட்டு, அதையும் சேர்த்துத்தான் கடைக்காரரிடம் விலை பேச வேண்டும்.

வந்த பிறகு வங்கி லாக்கரில் தோல் பையில் போட்டு மறந்துவிடாதீர்கள். சென்னை ஈரப்பதத்துக்குத் தோல் பூஞ்சை பிடிக்கும், பழைய ரப்பர் வளையம் இறுகிப்போயிருந்தால் ஈரம் உள்ளேயும் போகும். துணிப் பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. மாதம் ஒரு தரம் எடுத்துச் சாவி கொடுத்து ஸ்டாப்வாட்சை ஒரு சுற்று ஓடவிட்டு நிறுத்துங்கள், பொத்தானைத் தட்டியதும் முள் பூஜ்யத்துக்கு ஒரே தாவாகத் திரும்ப வேண்டும். தடுமாறினால் சர்வீஸுக்கு நேரம் வந்துவிட்டது. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ரசீதில் இரண்டு வரி கையால் எழுதச் சொல்லி வாங்குங்கள்: கேஸிலும் செயினிலும் பாலிஷ் கூடாது, மாற்றிய பாகம் எதுவானாலும் பழையதைப் பொட்டலம் கட்டித் திருப்பித் தர வேண்டும்.